துரையைச் சுமந்தவர்

பழைய ஆங்கிலேயக் கேலிச்சித்திர அச்சுகளைச் சேகரிக்கும் பாஸ்கர், புதிதாக வாங்கியதை ராயபுரம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தான். அதில், மெட்ராஸ் கரையில், தடித்த துரை ஒருவரை அலையில் தோள்மேல் சுமந்து வருகிறான் ஒரு மீனவன்.

"தூக்குறவன் மூஞ்சியப் பாரு, கொரங்கு மாதிரி," என்றார் வந்திருந்த நண்பர். பாஸ்கரும் சிரித்தான். மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த அவன் அப்பா லட்சுமணன், பழைய கட்டுமரக்காரர், டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார்.

காலையில் கூசிப்போய்ப் படத்தைக் கழற்ற வந்தான் பாஸ்கர். துரை அலைக்கு மேல் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே யாரும் இல்லை.

அப்பாவின் அறையில், பாயில் அவருக்குப் பக்கத்தில், ஈரக் கோவணத்தோடு ஒருவர் படுத்திருந்தார். இருவர் முகமும் சுவர்ப் பக்கம் இருந்தது.

"அப்பா..."

அவர் திரும்பவில்லை. "மெதுவா பேசு நைனா. தோளு நோவுதுன்னாரு. இப்பதான் கண்ண மூடிகீறாரு."