தொப்பியில் ஒரு கிழிசல்

அமைச்சர் சர் பார்னபி, தேநீரைக் கூடத் தொடாமல் கேலிப்படத்தை மேசையில் எறிந்தார்.

"கடை ஜன்னல்ல இதைப் பார்த்து லண்டனே சிரிக்குது, லெட்டிஸ்! பீப்பா வயிறு, தும்பிக்கை மூக்கு... அதெல்லாம் போகட்டும். தூங்கறப்போ போடற என் ராத்தொப்பியில இருக்கிற கிழிசல், இந்தப் படம் போட்டவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு உடுப்பு மாட்டிவிடற டோபிட்தான் போய்ச் சொல்லியிருக்கான். இன்னிக்கே அவனை வேலையை விட்டுத் தூக்கறேன்!"

"ஐயோ, அவன் பிள்ளைகுட்டிக்காரனாச்சேங்க!" மனைவி லெட்டிஸ் பதறினாள்.

"அப்போ வேற யாரு?"

மேசைக்கடியில் மறைத்திருந்த கையை லெட்டிஸ் மெல்ல எடுத்து மேசைமேல் வைத்தாள். விரலெல்லாம் கறுப்பு மை.

சர் பார்னபி அந்த விரல்களையே பார்த்தார். பிறகு படத்தைக் கையில் எடுத்தார்.

"என் மூக்கு அவ்வளவு பெருசாவா இருக்கு?"

லெட்டிஸ் அவர் கோப்பையில் இன்னொரு சர்க்கரைக்கட்டியைப் போட்டாள்.

"சின்னதா போட்டா உங்களை யாருக்குங்க அடையாளம் தெரியும்?"