இரண்டு பக்கமும் ஓடும் ரயில்

பையைக் குதிகாலால் தள்ளி இருக்கைக்கு அடியில் செருகினார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். சிவப்பு நிறம் கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் மூச்சு வந்தது.

உள்ளே ஒரே ஒரு பட்டுச்சேலை. தங்கை மகள் கல்யாணத்துக்கு.

தாய்மாமன் எடுத்துக் கொடுக்கும் சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணையில் உட்கார வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தாய்மாமனான இவருக்கோ திருநெல்வேலி ரதவீதியில் அப்பா காலத்துப் பட்டுக்கடை. அப்புறம் என்ன கவலை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

தங்கை சிவகாமி போன வாரம் வந்து முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீய. தி.நகர்ல எடுத்தாத்தான் கட்டுவேன்னு மவ ஒத்தக் கால்ல நிக்கா."

அடிப்பாவி என்று இருந்தது அவருக்கு.

தன் கடைச் சேலை தட்டில் ஓரமாகக் கிடக்க, மருமகள் வேறொரு சேலையில் மணையேறுவதை நினைத்துப் பார்த்தார். பொறுக்கவில்லை. இன்று காலை புல்லட்டில் ஏறிவிட்டார்.

தி.நகர் கடையில் எந்த ஊர் என்று கேட்டார்கள். மதுரை என்று சொல்லிவிட்டார்.

புல்லட்டு என்றால் அதிவேக ரயில். ஊரில் அதற்கு அதுதான் பெயர். காலையில் மெட்ராஸ் போய், வேலையை முடித்து, சாயங்காலமே இப்படித் திரும்பும் வண்டியில் உட்கார்ந்துவிடலாம். அது நெல்லை வரை வந்தே ஆக வேண்டும் என்று ஜங்ஷன் வாசலில் உண்ணாவிரதம் இருந்தது வணிகர் சங்கம். சங்கத்துக்குச் செயலாளர் சாட்சாத் இவர்தான்.

மைக்கைப் பிடித்து அன்றைக்கு என்ன பேச்சு! மெட்ராஸ்காரன் வருவான், கடை கடையாக ஏறுவான், ஊர் பிழைத்துக்கொள்ளும்.

வந்தார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. கோயிலைப் பார்த்தார்கள், அல்வா வாங்கினார்கள், இருட்டுமுன் போய்விட்டார்கள். அல்வாக் கடைக்காரர்களுக்கு யோகம். லாட்ஜுகளில் சாவிகள் ஆணியிலேயே தொங்கின. ஜவுளிக்கடைகளில் ஈ ஓட்டினார்கள்.

ரயில் இரண்டு பக்கமும் ஓடும் என்பது சங்கத்தில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

"யாரு, அண்ணாச்சியா?"

நிமிர்ந்தார். பேட்டை ஆவுடையம்மாள்.

மூத்த மகளுக்கும் நடுவுள்ளவளுக்கும் அவர் கடையில்தான் முகூர்த்தப் பட்டு எடுத்தாள். கடைக்குட்டிக்குத் தையில் கல்யாணம். இன்றைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது இவளுக்காகத்தான்.

இரண்டு கையிலும் அதே தி.நகர் கடையின் சிவப்புப் பைகள்.

அவள் முகம் செத்துப்போனது. பக்கத்து இருக்கைதான் அவளுடையது. பைகளை அவசர அவசரமாக அடியில் திணித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தேன் அண்ணாச்சி. கண்ணுல புரை."

"நான் சங்க வேலையா வந்தேன்."

ரயில் கிளம்பியது.

அவர் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். பாதிப் பேர் தெரிந்த முகம். அவர் கண் பட்டதும் ஒவ்வொருத்தராக எதையோ காலால் உள்ளே தள்ளினார்கள்.

மதுரை தாண்டியது. ஆவுடையம்மாள் எழுந்துவிட்டாள்.

ரயில் எவ்வளவு வேகமாக ஓடினால்தான் என்ன, இறங்குவதற்கு வெகு முன்பே மூட்டை முடிச்சோடு வாசலில் போய் நின்றால்தான் நெல்லைக்காரர்களுக்கு நிம்மதி. அவள் குனிந்தாள். அவர் முகத்தைப் பாராமலே, கைக்கு அகப்பட்ட பைகளையெல்லாம் இழுத்துச் சேர்த்துக்கொண்டு நடந்தாள்.

அவர் அடியில் துழாவினார். காலி.

வாயைத் திறந்தால் கடையை மறந்துவிட வேண்டியதுதான். ரதவீதிக் கடைக்காரரே மெட்ராஸில் பட்டு எடுத்தாராம் என்று நாளைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். திறக்காவிட்டால் வெறுங்கையோடு சிவகாமி வீட்டுப் படியேற வேண்டும். தோளில் தூக்கிவைத்துத் தேர் காட்டிய பிள்ளை அவள் மகள்.

ஆவுடையம்மாள் வாசலை நெருங்கிவிட்டாள்.

"ஆவுடையம்மா! அதுல ஒண்ணு என் பை."

பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"மருமவளுக்கு எடுத்தேன்," என்றார். அவமானத்தில் காது சுட்டது. "அவ இதைத்தான் கேட்டா."

யாரும் சிரிக்கவில்லை.

ஆவுடையம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு ஆறுதல். அவர் பையைத் தேடிக் கொடுத்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை.

"ஏமாந்துட்டேனோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிடுது அண்ணாச்சி. நீங்க தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

முன்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் பேச்சு நின்றது.

ஏமாத்திட்டாங்கம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கே அவர் கடையில் உட்கார இடம் இருக்காது. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

கரையைத் தடவினார். ஜரிகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எவ்வளவு தேடியும் குறை அகப்படவில்லை.

"நல்ல பட்டும்மா," என்றார். "பிள்ளைக்கு எடுப்பா இருக்கும்."

ஆவுடையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பின்வரிசையில் ஒருத்தி தன் பையோடு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

அவர் செருப்பைக் கழற்றினார். கடையில் உட்காருவதுபோல இருக்கையின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"வாங்கம்மா," என்றார்.