ஏழு மணி அப்பா

பூபதி குடும்பத்தோடு பெங்களூருக்குக் குடிவந்தபோது மகள் இனியாவுக்கு ஒன்றரை வயது. அலுவலகம் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. குழந்தை எழுவதற்கு முன்பே கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். நெரிசலில் ஊர்ந்து வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அடித்துப்போட்டதுபோல் தூங்குவான். அதனால் வேலை நாட்களில் மாலை ஏழு மணிக்கு, நகராத பேருந்திலிருந்து வீடியோ காலில் மகளைக் கூப்பிடுவான். அவள் பாடிக் காட்டுவாள், திரைக்கு முத்தம் கொடுப்பாள்.

ஒரு வருடம் இப்படியே போயிற்று. ஒரு பண்டிகை விடுமுறையன்று அவன் வீட்டில் இருந்தான். ஏழு மணியானதும் இனியா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அப்பாகிட்டப் பேசோணும்."

"அப்பா இங்கயேதான உக்காந்திருக்காங்க, பாரு கண்ணு," என்றாள் மேனகா.

பூபதி கைகளை நீட்டினான். இனியா அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, போனைக் காட்டி அழுதாள். எவ்வளவு சொல்லியும் அழுகை நிற்கவில்லை. அவன் எழுந்து, கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினான். தெருவில் நின்றிருந்த இரண்டு கார்களுக்கு நடுவில் போய் நின்று கூப்பிட்டான்.

திரையில் அவள் முகம் மலர்ந்தது. "அப்பா!"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நம்மூட்டுக்கு ஒரு மாமா வந்தாங்கப்பா. இப்பப் போயிட்டாங்க. நீங்க எப்பப்பா வருவீங்க?"

பூபதி நிமிர்ந்து, இரண்டாம் மாடியில் வெளிச்சமாயிருந்த தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தான்.

"ரோட்டுல ஒரே டிராபிக் கண்ணு," என்றான்.