நர்சம்மா மேல கேஸு

"நம்ம நர்சம்மா மேலயே கேஸு போட்டுட்டாளாமா, அந்தச் சங்கீதா."

செம்மேட்டுச் சந்தையில் மிளகு மூட்டையை இறக்கும்போதுதான் பெருமாயியின் காதில் இந்தச் சேதி விழுந்தது. சொன்னவர் டீக்கடைப் பொன்னுசாமி.

"சும்மா இருங்க. நான் அவளுக்குப் பக்கத்தூட்டுக்காரி. எனக்குத் தெரியாம அவ அடுப்புக்கூடப் பத்த வைக்க மாட்டா."

"நெசமாத்தானுங்க. நாமக்கல்லுல வக்கீல் வெச்சிருக்கா. ஊரூருக்கு இப்ப இதே கதைதான். ஊசி போட்டாலும் கேஸு, போடாட்டியும் கேஸு. செல்லுல தெனமும் வருதுல்ல? நம்ம மலைக்குத்தான் வராம இருந்துச்சு. இவ கொண்டாந்து சேத்துட்டா."

பெருமாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கோகிலவாணி நர்சம்மா இல்லாவிட்டால் சங்கீதாவின் குழந்தையே இல்லை. பிரசவத்தின்போது பக்கத்தில் நின்று பார்த்தவள் பெருமாயிதான். குழந்தையின் தலை வெளியே வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. மலை ஆஸ்பத்திரியில் டாக்டர் நாற்காலி அன்றும் காலி. கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி அடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேருவதற்குள் ரெண்டு உசுரும் போயிருக்கும். நர்சம்மா ஒத்தை ஆளாக நின்று இழுத்துப் போட்டார். உசுரு தப்பியது. வலது கை மட்டும் இன்னும் தூக்க வரவில்லை.

அதுக்காக, புள்ளையைக் காப்பாத்துனவங்க மேலயே கேஸா?

அன்றைக்குச் சாயங்காலமே ஊர்க்கூட்டம் கூடியது. எந்த வம்பானாலும் ஊர்க்கவுண்டர் முன்னால் பேசித் தீர்த்துக்கொள்வதுதான் அந்த மலையில் வழக்கம். அதைத் தாண்டி ஒருத்தர் கோர்ட்டுப் படி ஏறினால் ஊருக்கே தலைகுனிவு.

"கேஸை வாபஸ் வாங்கிக்க சாமி," என்றார் ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி, நயமாகத்தான்.

சங்கீதா குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றாள். "முடியாதுங்க."

"ஏனாம்?"

"முடியாதுங்க."

"இங்க இருக்கிற பாதிப் புள்ளைங்க அந்தம்மா கையில பொறந்ததுங்க. உம் புள்ளை மட்டும் தங்கத்துல பொறந்துச்சாக்கும்," என்றாள் கண்ணாயி கூட்டத்திலிருந்து.

சங்கீதா குழந்தையின் வலது கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள். கேஸு முடியும்வரை அவள் வீட்டு வாசற்படியை யாரும் மிதிக்கக் கூடாது, அவளோடு பேச்சுவார்த்தை கூடாது என்று முடிவானது. முதலில் தலையாட்டியவள் பெருமாயி.

மறுநாள் சுகாதாரத் துறை மேலாபீசிலிருந்து ஒரு ஜீப் வந்தது. வந்தவர் நேராகப் பெருமாயியைத் தேடி வந்தார்.

"பிரசவத்தப்ப கூட இருந்தது நீங்கதானேம்மா? டாக்டர் இருந்தாரு, எல்லாம் அவர் சொன்னபடிதான் நடந்துச்சுன்னு கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கேஸு தள்ளுபடி ஆயிடும். உங்க நர்சம்மாவும் தப்பிச்சுக்குவாங்க."

"இதென்னங்க பெரிய காரியம்? ஊரே வந்து சொல்லும்."

ஜீப் கிளம்பியதும் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு பெருமாயி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நர்சம்மா தடுப்பூசிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீங்க நர்சம்மா. அன்னைக்கு டாக்டர் இருந்தாருன்னு நான் அடிச்சுச் சொல்லிப்போடறேன்."

கழுவுகிற கை நின்றது. "எந்த டாக்டருங்க அக்கா?"

"பேரெல்லாம் ஜீப்புல வந்தவங்களே சொல்லித் தருவாங்களாமா."

நர்சம்மா சிரித்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்படிச் சொன்னீங்கன்னா தப்பிக்கறது நானில்லீங்க. இந்த மலைக்கு டாக்டரே போடாம விட்டவங்கதான் தப்பிப்பாங்க. அன்னைக்கு டாக்டர் இல்லை. தனியா நின்னு இழுத்தது நான். என்ன பாத்தீங்களோ அதை அப்படியே சொல்லுங்க."

"சொன்னா உங்க வேலைக்கு ஆபத்தில்லீங்களா?"

"இருந்தா இருக்கட்டும். டாக்டர் போடுங்கன்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சுப்போச்சு. நான் கேட்டா யாரும் பதில் சொல்றதில்லை. கோர்ட்டு கேட்டா மேலாபீசு பதில் சொல்லித்தானே ஆவணும்? டாக்டரும் வருவாரு, அந்தப் புள்ளை கைக்கு நல்ல வைத்தியமும் கெடைக்கும். இந்தக் கேஸு நிச்சயம் ஜெயிக்கும், பாத்துக்கிட்டே இருங்க."

பெருமாயி வாழைப்பழச் சீப்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"உங்களுக்குப் பெரிய மனசுங்க. ஆனா நீங்க விட்டாலும் அந்தச் சங்கீதாவை நாங்க விடறதா இல்லை. இப்ப அவ ஊட்டுப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்லை. புள்ளைய வெச்சுக்கிட்டு அவளே தண்ணி தூக்கட்டும்."

நர்சம்மாவின் முகம் மாறியது. "அவகூட யாருமே பேசறதில்லீங்களா?"

"என்னத்தைப் பேசறது? நேத்துக் கூட்டம் கலைஞ்சப்ப நான் கேட்டேன். எவ பேச்சைக் கேட்டுடி வக்கீலூட்டுப் படி ஏறுனேன்னு. தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டா. செஞ்ச துரோகத்துக்கு வாய் எங்கிருந்து வரும்?"

நர்சம்மா சட்டென்று எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்கீங்க கிளம்பிட்டீங்க?"

"சங்கீதா ஊட்டுக்கு. நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டது வெளிய தெரிஞ்சா கேஸு நிக்காது, யார் என்ன திட்டுனாலும் வாயைத் திறக்காதேன்னு நான்தான் சொல்லி வெச்சேன். ஊரு இப்படிப் பண்ணும்னு நெனைக்கலீங்க அக்கா. 'உங்க மேலயா, செத்தாலும் மாட்டேன்'னு அழுதவளைப் பஸ் ஏத்தி, வக்கீலூட்டுக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான்."