அடையாளம் தெரியாத மெஷின்

“ஓசியில கிடைச்சா இப்பிடித்தான்! ஆறு வருஷமா ஓடின மெஷின், புது லினக்ஸ் போட்டதும் செத்துப்போச்சாம்!” என்று கத்தினார் மேனேஜர் பூவராகவன்.

“மெஷின் சாகல சார். புது லினக்ஸ் அதைக் கண்டுக்க மாட்டேங்குது” என்றாள் ரமீஸா, மிகப் பணிவாக. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்த அந்தத் தொழிற்சாலைக்கு ஒரே கம்ப்யூட்டர் பொறுப்பாளர் அவள்தான். காசு கொடுக்காமல் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளில்தான் அங்கே கம்ப்யூட்டர் ஓடியது.

செத்ததோ சாகாததோ, அது வாசலில் இருக்கும் வருகைப்பதிவு மெஷின். கார்டைத் தேய்த்தால் நேரம் பதிவாகும். எட்டு மணியைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும். கூடவே மெமோ வரும். மூன்றாவது மெமோவோடு வேலை போகும். ஆரம்பாக்கத்திலிருந்து இங்கே வேலைக்குப் பெண்கள் வரும் ரயிலை, எக்ஸ்பிரஸுக்கு வழிவிடச் சொல்லி நடுவில் எளாவூர் ஸ்டேஷனில் நிறுத்திவைப்பார்கள். மெஷினுக்கு எளாவூரைத் தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது, அவர் காரில் வருபவர், கார்டு தேய்க்காதவர்.

“பழைய வெர்ஷனையே போட்டுடேன்?”

“போடலாம் சார். ஆனா ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டரோட ஒத்துப்போகாது. மாசக் கடைசி ரிப்போர்ட் போகாது.”

பூவராகவன் மெஷின் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். தாவீது என்ற சர்வீஸ் இன்ஜினியர் பேசினார். “லினக்ஸா? அதுக்கு நாங்க சப்போர்ட்டே கிடையாதே சார். இத்தினி வருஷம் எப்பிடி ஓடிச்சு?”

“அதை நீதான்யா சொல்லணும்!”

“புது மாடல் வாங்கிடுங்க சார்” என்ற அரிய ஆலோசனையோடு தாவீது போனை வைத்துவிட்டார்.

“இன்டர்நெட்ல யாரையாவது கேட்டியாம்மா?”

“பிரேசில்ல ஒருத்தர் இதே மெஷின்தான் வெச்சிருக்காராம். பதில் போட்டாரு சார்.”

“இன்னா போட்டாரு?”

“‘எனக்கு நல்லா வேலை செய்யுதே’ன்னு.”

பூவராகவன் தலையில் கைவைத்துக்கொண்டார். பிரேசில்காரர்மேல் அவருக்கு வந்த பொறாமை முகத்திலேயே தெரிந்தது.

வெளியே வந்த ரமீஸாவைப் பூவம்மாள் மறித்தாள். பேக்கிங் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருப்பவள். இரண்டு மெமோ வாங்கியிருந்தாள்.

“இன்னாம்மா, அந்தச் சனியன் பொழைச்சுக்குமா?”

“டிரைவர்னு ஒண்ணு இருக்குக்கா. அது ஓடினாத்தான் கம்ப்யூட்டருக்கு மெஷின் தெரியும்.”

“டிரைவரா? எங்க ரயிலுக்கும் ஒருத்தர் கீறாரே, எளாவூர்ல வந்து தூங்கிக்கினு! இங்கயும் அவரையே போடச் சொல்லு.”

ரமீஸா சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

புது மெஷின் கேட்டுப் பூவராகவன் எழுதிய கடிதத்துக்கு ஹெட் ஆபீஸ் மூன்றே நாளில் பதில் அனுப்பியது. வேறு எதற்கும் அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை: ‘செலவைக் குறைக்கத்தானே லினக்ஸ்? அடுத்த ஆண்டு பார்க்கலாம்.’

வேறு வழியில்லாமல் அவர் வாட்ச்மேன் சடையப்பனிடம் ஒரு நீள நோட்டைக் கொடுத்து, வருகிறவர்களின் நேரத்தை எழுதச் சொன்னார். ரயிலில் வந்தவர்கள் எல்லோரும் சரியாக ஏழு ஐம்பத்தைந்துக்கே உள்ளே வந்துவிட்டதாக நோட்டு சொன்னது.

“சடையப்பன் கையில குடுத்ததும் அத்தினி பேருக்கும் ஒழுக்கம் வந்துடுச்சு பாத்தியா?” என்று பூவராகவன் ரமீஸாவிடம் பல்லைக் கடித்தார். “நீ சொன்ன அந்த டிரைவர் ஓடுதான்னு டெய்லி பாத்துக்கினே இரு.”

“டெய்லி பாக்கறேன் சார்.”

சொன்னபடியே அவள் தன் இருக்கைக்குப் போய், எந்தெந்தக் கருவிகளைக் கண்டுகொள்ளக் கூடாது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஃபைலைத் திறந்தாள். புது லினக்ஸிலும் மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடுவதைச் முதல் நாளே சோதித்துப் பார்த்த மறுநிமிடம், வருகைப்பதிவு மெஷினின் பெயரோடு அவள் அதில் தட்டிச் சேர்த்த ஒற்றை வரி, பத்திரமாக அங்கேயே இருந்தது.