துண்டு போட்ட நாற்காலி

ஓர் அரசாங்க அலுவலகத்தில் மூன்று நாற்காலிகள் வேலை பார்த்தன. தேக்கு, அதிகாரியின் அறையில் முதுகில் வெள்ளைத் துண்டோடு இருந்தது. மாமரம் எழுத்தருக்கு. வேம்பு வராந்தாவில் பியூனுக்கு. வருஷத்துக்கு ஒருமுறை சம்பளம். தேக்குக்கு மூன்று பூச்சு வார்னிஷ், மாமரத்துக்கு ஒன்று, வேம்புக்கு ஈரத்துணியால் ஒரு துடைப்பு.

“நம்ம ஆபீஸ்ல எல்லா மரத்துக்கும் இடம் இருக்கு” என்று தேக்கு பெருமை பேசும்.

“இருக்குண்ணே. ஆனா வேம்புன்னா எப்பவும் வாசல்லதானே? இந்த மழைக்கும் வார்னிஷ் இல்லேன்னா என் கால் உளுத்துடும்” என்றது வேம்பு.

“அதுக்கெல்லாம் தகுதி வேணும்மா.”

ஒரு நாள் துண்டைத் துவைத்து, வெயிலில் வேம்பின் முதுகில் காயப் போட்டார்கள். அந்த நேரம் பார்த்து வார்னிஷ்காரர் வந்தார். துண்டு போட்ட நாற்காலிக்கு மூன்று பூச்சு என்பதுதான் அவருக்குத் தெரியும். துண்டை எடுத்து வைத்துவிட்டு மூன்று பூச்சும் அடித்தார். காய்ந்ததும் துண்டைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் புதிதாகப் பொறுப்பேற்க வந்த அதிகாரியம்மா துண்டைப் பார்த்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“முதுகுக்கு இதமா இருக்கே! என் நாற்காலியை ஏன் வெளியே போட்டிருக்கீங்க? உள்ளே கொண்டு வாங்க.”

வேம்பு உள்ளே வந்தது. ஓரத்துக்குத் தள்ளப்பட்ட தேக்கு முணுமுணுத்தது: “துண்டு இருந்ததாலதானே உள்ளே வந்தே?”

“நீங்க எதனாலண்ணே வந்தீங்க?”

மாமரம் நாலு காலும் ஆடச் சிரித்தது.

அடுத்த வாரம் துண்டு வெளுக்கப் போனது. துண்டு இல்லாமலும் வேம்பு பெரிய மேஜைக்கு முன்னால் பளபளவென்று நின்றது.