மாடி வீட்டு ரெக்கார்டு

கதவைத் திறந்த டீச்சருக்குத் திக்கென்றது. கீழ் வீட்டுத் தையல்காரர் கடுகடுவென்று நின்றிருந்தார். கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஏதோ ஒன்று.

"ரெண்டு மாசமா பொறுத்துப் பாத்துட்டேன் டீச்சர். தினமும் அதே பாட்டு. இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்!"

"மன்னிச்சுக்குங்க. பழைய ரெக்கார்டு கடையில ஆசையா வாங்கினது. சஹாரா பாலைவனத்துல துவாரெக்னு ஒரு ஜனங்க, கிதார் வாசிச்சுப் பாடறாங்க..."

"யார் பாடினா எனக்கென்ன? என் மிஷின் அந்தத் தாளத்துக்குத்தான் ஓடித் தொலைக்குது. இன்னிக்கு ஒரு கோட்டோட கை கோணிப்போச்சு!"

"ஐயையோ! இனிமே சத்தத்தைக் குறைச்சு வைக்கிறேங்க."

"குறைப்பீங்களா!" தையல்காரர் குரல் எகிறியது. "இப்பவே காதைத் தீட்டிக்கிட்டுத்தான் கேக்கறேன். பாடறவர் உச்சத்துக்குப் போறார், எல்லாரும் கை தட்ட ஆரம்பிக்கிறாங்க, சரியா அந்த நேரம் பாத்து நிறுத்திடறீங்களே, ஏன்? அப்புறம் என்னதான் ஆகுது?"

டீச்சர் திருதிருவென்று விழித்தார். "எனக்கும் தெரியாதுங்க. அந்த இடத்துல கீறல். ஊசி மாட்டிக்குது, அதான் எடுத்துடறேன்."

"நெனச்சேன்!" தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தார். உள்ளே அதே ரெக்கார்டு, பளபளவென்று.

"நாலு கடையில வாயால பாடிக் காட்டி மானமே போச்சு. இதுல ஒரு கீறல் கிடையாது. நான் கீழ போய் மிஷின்ல உக்காந்ததும் போடுங்க" என்று படியிறங்கியவர், பாதியில் திரும்பினார்.

"முழுசா ஓடணும் டீச்சர். இன்னொரு கை பாக்கி இருக்கு."